தொழில், பொழுதுபோக்கு, இலக்கியம்: வெவ்வேறு துறை நூல்களைத் தேடிக் கண்டடைவது எப்படி?

கேள்வி: தூரநோக்கி

வணக்கம். நான் ஒரு கட்டமைப்புப் பொறியாளன். பால வடிவமைப்பு என் அன்றாடப் பணி. தொலைநோக்கி வழியே இரவு வானைப் பார்ப்பது நெடுநாளைய விருப்பம். இவை இரண்டுக்கும் அப்பால் நாவல்களையும் வாழ்க்கை வரலாறுகளையும் ஆசையோடு படிப்பவன். ஆனால் அண்மைக் காலமாக என் வாசிப்பு குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவதாகவே இருக்கிறது. "கட்டாயம் படிக்க வேண்டியவை" என்று எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதே நூல்கள்தான் வரிசை மாறி நிற்கின்றன. நூல் விற்கும் தளங்களில் வானியல் அறிமுக நூல் ஒன்றை வாங்கிவிட்டால், அதே போன்ற இன்னொரு அறிமுக நூலையே அவை திரும்பத் திரும்ப முன்வைக்கின்றன. அறிமுகத்தைத் தாண்டியவனுக்கும் ஆராய்ச்சியாளனாக இல்லாதவனுக்கும் இடைப்பட்ட நூல் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. என் தொழிலைப் பற்றித் தொழில்நூல்கள் சொல்லாதவற்றை ஒரு நாவலோ ஒரு வரலாற்று நூலோ சொல்லக்கூடும் என்று உறுதியாக நம்புகிறேன்; ஆனால் பாலம் கட்டுபவர்களைப் பற்றிய புனைகதை வேண்டும் என்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது? எனக்கு நூல்களின் பெயர்ப் பட்டியல் வேண்டாம். நீங்கள் உங்கள் நூல்களை எந்த வழியில் கண்டடைகிறீர்கள் என்பதையும், படிக்க நேரம் ஒதுக்குமுன் ஒரு நூலை எப்படி எடைபோடுகிறீர்கள் என்பதையும் விளக்கினால் பெரிதும் பயன்படும்.

மறுமொழி: பகுப்பெண்

நூலகத்தில் நூற்பட்டியல் தயாரிப்பது என் வேலை என்பதால், உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும்.

உலகெங்கும் பெருவாரியான நூலகங்கள் பின்பற்றும் தசமப் பகுப்பு முறையை மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்டார். அந்த முறை நூல்களைப் பேசுபொருளின்படி அன்றி, அறிவுத்துறையின்படி பிரிக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் விருப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கியும் வானை நோக்கும் நுட்பங்களும் 522 என்ற பகுப்பெண்ணில் இருக்கும்; கோள்களும் விண்மீன்களும் 523-இல்; விண்மீன்களைக் கொண்டு கடலில் திசை அறிவது 527-இல்; நாள்காட்டிகளும் காலக்கணக்கும் 529-இல். இவ்வளவும் பக்கத்துப் பக்கத்து அடுக்குகள். ஆனால் விண்வெளிப் பயணம் பொறியியலோடு 629.4-க்குப் போய்விடும், சோதிடம் 133.5-இல் மெய்யியலின் அருகே நிற்கும். வானியலாளர் ஒருவரைப் பற்றிய நாவல் இலக்கியத்துக்குரிய 800-களில் எங்கோ இருக்கும். பாலங்களும் அப்படியே: கட்டுமானம் 624.2, அதே பாலம் கட்டடக்கலையாகப் பார்க்கப்பட்டால் 725.98. ஓர் அடுக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர், தான் விரும்பும் பொருளின் ஒரு முகத்தை மட்டுமே பார்க்கிறார்.

சிதறிக் கிடப்பவற்றை ஒன்றுசேர்க்கத்தான் பொருள் தலைப்புகள் இருக்கின்றன. உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு நூலை எடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். 1971 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் திட்டத்தின்படி பல பதிப்பகங்கள் அங்கே நூற்பட்டியல் விவரத்தை அச்சிட்டு வருகின்றன. சிறிய எழுத்தில் 1, 2, 3 என்று எண்ணிட்டு இரண்டு மூன்று தொடர்கள் இருக்கும். அவைதாம் பொருள் தலைப்புகள். சில புதிய நூல்களில் முழு விவரமும் இராது; அப்போது நூலகப் பட்டியலில் அந்த நூலின் பதிவைத் திறந்தால் கிடைத்துவிடும். 1971 முதல் பல நாட்டு நூலகங்கள் கூடிச் சேர்த்துவரும் வேர்ல்ட்கேட் பட்டியலிலும் பார்க்கலாம். அந்தத் தொடரை அப்படியே தேடினால், அதே பொருளைப் பேசும் நூல்கள் எந்தத் துறையில் வைக்கப்பட்டிருந்தாலும் முன்னால் வந்து நிற்கும். தலைப்புக்குப் பின்னே "புனைகதை", "வாழ்க்கை வரலாறு", "வரலாறு" என்ற உட்பிரிவுகளும் உண்டு. "வானியலாளர் – புனைகதை" என்பது பட்டியலில் உண்மையாகவே உள்ள ஒரு தலைப்பு. பாலங்களைப் பற்றிய உங்கள் தேடலையும் இந்த உட்பிரிவிலிருந்து தொடங்குங்கள்.

இங்கே இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1931-இல் வெளியான அவருடைய நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்கிறது. நீங்கள் தேடும் அதே நேரத்தில் ஏதோ ஒரு நூலும் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம்தான் நூலகத் தொழிலையே தாங்கி நிற்கிறது. அடுக்கில் நூல்கள் எப்படி அமைய வேண்டும் என்பதையும் அவர் கிரகணச் சொற்களால் விளக்கினார்: நீங்கள் தேடிவந்த பொருள் நடுவே கருநிழலாகவும், அதற்கு உறவுடையவை இருபுறமும் புறநிழலாகவும், தொடர்பற்றவை அதற்கும் அப்பாலும் இருக்க வேண்டும். கிரகணம் பார்க்கும் உங்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. அறிமுக நூலுக்கும் ஆராய்ச்சி நூலுக்கும் இடைப்பட்டதை நீங்கள் அந்தப் புறநிழலில்தான் தேட வேண்டும். எண் தெரிந்த நூலை எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடாமல், இருபுறமும் ஒரு கை நீளத்துக்காவது பார்வையிடுங்கள்.

மறுமொழி: அடிக்குறிப்பு

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயினும் என் வழி வேறு. நான் பொருளைத் தொடர்வதைவிட ஒரு நிகழ்வைத் தொடர்கிறேன். நீங்கள் பாலப் பொறியாளர் என்பதால் அமெரிக்காவின் டகோமா நேரோஸ் தொங்கு பாலத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

அது 1940 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பர் 7 அன்று மணிக்குச் சுமார் 65 கி.மீ. வேகக் காற்றில் முறுக்குண்டு விழுந்தது. இந்த ஒரே நிகழ்வு எத்தனை வகை நூல்களுக்குள் போகிறது என்று பாருங்கள். அம்மான், கார்மான், உட்ரஃப் மூவரும் 1941-இல் அளித்த விசாரணை அறிக்கை இருக்கிறது. காற்றியக்கவியல் அறிஞரான கார்மானின் தன்வரலாறு, அவர் மறைவுக்குப் பின் 1967-இல் வந்தது. அதில் இந்த விசாரணை ஒரு மனிதரின் அனுபவமாகச் சொல்லப்படுகிறது. தொங்கு பாலங்களின் வரலாற்று நூல்களில், மெலிந்த அழகான பாலங்களின் மீது பொறியாளர்களுக்கு ஏற்பட்ட மோகத்தின் கதையாக இது வருகிறது. இயற்பியல் பாடநூல்களிலோ ஒத்ததிர்வுக்கு (வெளியிலிருந்து வரும் தூண்டல் ஒரு பொருளின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போய் அதைப் பெருக்குவதற்கு) எடுத்துக்காட்டாக அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அந்த விளக்கம் பிழையானது, தன் அசைவாலேயே தன்னை மேலும் தூண்டிக்கொண்ட அதிர்வு அது என்று பில்லா, ஸ்கான்லன் ஆகிய இருவரும் 1991-இல் ஓர் இயற்பியல் ஆய்விதழில் வாதிட்டனர்.

பாடநூலை மட்டும் படித்தவருக்கு அங்கே ஒரு சர்ச்சை இருப்பதே தெரியாது. நான் வகை தாண்டிப் படிப்பது பெரும்பாலும் இதற்காகத்தான். ஒரே செய்தியை அறிக்கை, தன்வரலாறு, பாடநூல் ஆகிய மூன்றும் எங்கே வெவ்வேறாகச் சொல்கின்றன என்று பார்க்கும்போதுதான் அது எனக்கு உண்மையில் புரியத் தொடங்குகிறது.

இப்படித் தொடர்வதற்கு நூலின் கடைசிப் பக்கங்களை முதலில் படிக்கும் பழக்கம் வேண்டும். துணைநூற்பட்டியல் வெறும் பெயர்வரிசையாக இருந்தால் அவ்வளவு உதவாது. சில ஆசிரியர்கள் "மேலும் படிக்க" என்று ஒரு சிறு கட்டுரையே எழுதி, எந்த நூல் எதற்குப் பயன்படும், எது காலாவதியாகிவிட்டது என்றெல்லாம் மனம்விட்டுச் சொல்லியிருப்பார்கள். அது கிடைத்தால் புதையல்தான். நன்றியுரையையும் தாண்டிப் போகாதீர்கள். கைப்படியைப் படித்துத் திருத்தியவர்களின் பெயர்கள் அங்கே இருக்கும். அவர்களும் பெரும்பாலும் எழுதுகிறவர்களே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நூல்கள் ஒரே பழைய நூலைச் சுட்டினால், நான் வேறு யோசனை இல்லாமல் அதைத் தேடிப் போய்விடுவேன்.

பட்டியல் உங்களைப் பின்னோக்கியே அழைத்துச் செல்லும் என்பது இதன் குறை. ஒரு நூலுக்குப் பிறகு வந்தவை எவை என்று அறிய, அதை மேற்கோள் காட்டியவர்களைத் தேட வேண்டும். யூஜீன் கார்ஃபீல்ட் 1960-களில் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அடைவு இதற்காகவே பிறந்தது. இன்று கூகுள் ஸ்காலர் போன்ற தளங்களில் ஒரு நூலின் பெயருக்குக் கீழேயே அந்த வசதி இருக்கிறது.

மறுமொழி: மொழிபெயர்ப்பு வாசகி

இருவருக்கும் நன்றி. ஆனால் பொருள் தலைப்பையும் மேற்கோளையும் பின்தொடர்ந்தால் நல்ல நாவல் கிடைத்துவிடும் என்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. பாலத்தைப் பற்றிய நாவல் என்று பட்டியல் சொல்லும் நூலில் பாலம் வெறும் பின்னணியாக இருக்கலாம். பாலமே வராத ஒரு நாவல், பலர் சேர்ந்து ஒன்றைக் கட்டும்போது எழும் பொறாமையையும் பெருமிதத்தையும் உங்கள் தொழிலுக்கே உரிய உண்மையோடு சொல்லியிருக்கலாம். புனைகதையின் பேசுபொருளை மூன்று தலைப்புகளுக்குள் அடைக்க முடியாது.

விற்பனைத் தளங்கள் ஏன் ஒரே மாதிரியானவற்றைக் காட்டுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். இந்த நூலை வாங்கியவர்கள் வேறு எவற்றை வாங்கினார்கள் என்ற கணக்கே அவற்றின் பரிந்துரையில் பெரும்பங்கு வகிக்கிறது. பலர் வாங்கிய நூல் பல நூல்களோடு சேர்ந்து கணக்கில் ஏறும். சிலரே வாங்கிய நூலுக்கு அந்த இணைப்பு உருவாவதே இல்லை. ஆகவே அது மேலும் சிலருக்கே தெரியவரும். உங்களுக்கு மிகப் பொருத்தமான நூல் அந்தச் சிலருடைய கையில் இருக்கக்கூடும் என்பதால், புனைகதையைப் பொறுத்தவரை நான் மனிதர்களையே நம்புகிறேன்.

முதலில், மொழிபெயர்ப்பாளர்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒரு நூலோடு மாதக்கணக்கில் வாழ வேண்டியிருப்பதால், எளிதில் எதையும் கையில் எடுப்பதில்லை. ஒருவர் மொழிபெயர்த்த ஒரு நாவல் பிடித்துப்போனால், அவர் மொழிபெயர்த்த மற்றவற்றையும் தேடிப் படியுங்கள். நீங்களாக ஒருபோதும் எட்டிப்பார்த்திராத நாட்டுக்கும் காலத்துக்கும் அது உங்களைக் கொண்டுசெல்லும். பன்னாட்டு புக்கர் பரிசு 2016 முதல் ஆண்டுதோறும் ஒரு நூலுக்கு அளிக்கப்பட்டு, பரிசுத்தொகை ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பகிரப்படுகிறது. எந்தப் பரிசானாலும் வென்ற நூலைவிட, நடுவர்கள் முதலில் தேர்ந்தெடுக்கும் நூல்களின் நெடும்பட்டியலே நமக்குக் கூடுதலாகப் பயன்படும். வென்ற நூல் எப்படியும் நம் காதுக்கு வந்துவிடும்.

அடுத்து விமர்சகர்கள். ஒருவர் எதைப் பாராட்டுகிறார் என்பதைவிட எதை, என்ன காரணம் சொல்லி மறுக்கிறார் என்பதே அவரை எனக்கு அடையாளம் காட்டுகிறது. "நிகழ்வுகளே இல்லை, வேலையின் விவரங்களாகவே போகிறது" என்று ஒருவர் சலித்துக்கொண்ட நாவல்களை நான் தவறாமல் வாங்குகிறேன். எனக்கு வேண்டியது அதுவே. லைப்ரரிதிங், குட்ரீட்ஸ் போன்ற தளங்களிலும் ஐந்து நட்சத்திர மதிப்புரைகளை நான் பார்ப்பதில்லை. மூன்று நட்சத்திரம் தந்தவர்கள்தாம் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று பொறுமையாக எழுதுகிறார்கள்.

எடைபோடுவதைப் பற்றி: முதல் அத்தியாயம் எப்போதும் மெருகேற்றப்பட்டிருக்கும், எனவே நடுவில் எங்காவது திறந்து நான்கு பக்கம் படியுங்கள். தகவல் நூலாக இருந்தால் சொல்லடைவுக்குப் போய், நீங்கள் நன்கு அறிந்த ஒன்றை அது எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். தெரிந்த இடத்தில் சரியாக இருக்கும் நூலைத் தெரியாத இடத்திலும் நம்பலாம்.

தூரநோக்கி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டகோமா பாலத்தைப் பாடநூல் வழியே மட்டும் அறிந்திருந்தேன்; அந்த 1991 கட்டுரையைத் தேடத் தொடங்கிவிட்டேன். ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. இப்படித் தேடும்போது ஐம்பது, அறுபது ஆண்டுப் பழைய நூல்களும் நிறைய எதிர்ப்படுகின்றன. எவற்றை நம்பிப் படிக்கலாம்?

மறுமொழி: பகுப்பெண்

மூன்று வகைக்கும் மூன்று விதமாகப் பார்க்க வேண்டும். தொழிலில், கணக்கிடும் கோட்பாட்டைப் பழைய நூலில் கற்கலாம், பல வேளைகளில் அது புதியவற்றைவிடத் தெளிவாகவும் இருக்கும். ஆனால் வடிவமைப்பு விதிகளையும் அனுமதிக்கப்பட்ட அளவுகளையும் நடப்புப் பதிப்பைத் தவிர வேறெங்கிருந்தும் எடுக்கக் கூடாது என்பது எங்களைவிட உங்களுக்கே நன்கு தெரியும். நாவலுக்கு வயதே இல்லை. மொழிபெயர்ப்பு நாவலானால், அதற்குப் பின் வேறு மொழிபெயர்ப்பு வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பொழுதுபோக்கு நூல்களில்தான் கவனம் தேவை, ஏனென்றால் அங்கே பிழை அறிவிப்பின்றி வரும். விண்மீன் வரைபட நூலின் முகப்பிலோ முன்னுரையிலோ 1950.0 என்றோ 2000.0 என்றோ, விண்மீன்களின் இடங்கள் எந்த ஆண்டுக்குக் கணக்கிடப்பட்டவை என்பது குறிக்கப்பட்டிருக்கும். பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால், அந்த இரண்டுக்கும் இடையே விண்மீன்களின் ஆயங்கள் (வானில் அவற்றின் இடத்தைக் குறிக்கும் எண்கள்) ஏறத்தாழ 0.7 பாகை நகர்ந்துவிட்டன; அது முழுநிலவின் அகலத்தைவிடக் கூடுதல். வெறுங்கண்ணால் பார்ப்பவருக்கு இது பொருட்டல்ல. ஆயங்களை இட்டுத் தொலைநோக்கியைத் திருப்புகிறவருக்கு, தேடிய மங்கலான விண்மீன்கூட்டம் பார்வைப் புலத்துக்குள்ளேயே வராது போகலாம்.

நிலாவைப் பற்றிய பழைய நோக்கு நூல்கள் அருமையானவை. அவற்றின் பொறுமையான வருணனைகளுக்கு இணையானவை இன்று குறைவு. ஆனால் 1961-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் நிலாவின் கிழக்கையும் மேற்கையும் மாற்றி அமைத்தது. அதற்கு முந்தைய நூல் "கிழக்கு விளிம்பு" என்றால், இன்றைய வரைபடத்தில் அது மேற்கு விளிம்பு. கிழக்குக் கடல் என்று பொருள்படும் மேர் ஓரியன்டலே இன்று நிலாவின் மேற்கு விளிம்பில் இருப்பது இதனால்தான். எனவே அத்தகைய நூலைக் கையில் எடுத்ததும் பதிப்பாண்டைப் பாருங்கள். 1961-க்கு முந்தையதாக இருந்தால், நன்கு தெரிந்த ஒரு பள்ளத்தின் பெயரைத் தேடி, நூல் அதை எந்தப் பக்கம் வைக்கிறது என்று புதிய வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே தொலைநோக்கியிடம் போங்கள்.