‘மரண வெற்றி’யில் வென்றது யார்?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம். நம் பட்டியலுக்காக ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> மரணத்தின் மேல் உயிர் கொண்ட வெற்றி என்ற நம்பிக்கைக்கு ‘மரண வெற்றி’ என்றே தலைச்சொல் வைத்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வென்றது யார்? ‘மரணத்தை வென்ற வெற்றி’ என்று விரித்தால் கிறிஸ்து வென்றார். ‘மரணத்தினது வெற்றி’ என்று விரித்தால் எமன் வென்றான். ‘சோழர் வெற்றி’ என்று தலைப்பைப் பார்த்தவுடன் சோழர் தோற்றதாக யாராவது படிப்பார்களா? ஆறாம் வேற்றுமைதான் முதலில் காதில் விழும். ஒரு மதத்தின் அடிப்படை நம்பிக்கையைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய சொல்லைப் பட்டியலில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். ‘மரண ஜெயம்’, ‘சாவு வெற்றி’ ஆகியவற்றிலும் இதே கோளாறு இருக்கிறது.

இறந்தவர் உயிரோடு எழுவதைக் குறிக்க ‘உயிர்ப்பு’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கேரளத்தின் பாலக்காட்டு எல்லையிலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வட்டாரத்தில் அந்த ஒன்றுக்கே பல பெயர்கள் உண்டு. பழைய கத்தோலிக்க விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாகச் சொல்லும் பாட்டிமாருக்கு அது ‘சரீர உத்தானம்’. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ‘உடலின் உயிர்ப்பு’. சீர்திருத்த சபையாருக்கு ‘உயிர்த்தெழுதல்’. மலையாளிகளும் ‘உயிர்ப்பு’ என்றே சொல்கிறார்கள். 2013இல் கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்துச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைத்தபோது தமிழ்ப் பங்குகளும் மலையாளப் பங்குகளும் ஒரே ஆயரின் கீழ் வந்தன. இந்தச் சொல்லுக்கு மட்டும் இரு தரப்புக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்ட சொல்லை யார் கைவிடுவார்கள்?

ஆனால் உயிர்ப்பு என்பது இயேசு இறந்த மூன்றாம் நாள் நடந்த நிகழ்ச்சியின் பெயர். அதனால் சாவுக்கு என்ன நேர்ந்தது என்பது வேறு கேள்வி. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 15ஆம் அதிகாரத்தைப் படித்தால் இந்த வேறுபாடு புலப்படும். கிறிஸ்து எழுந்துவிட்டார், அவர் ‘முதற்பலன்’ என்று 20ஆம் வசனம் சொல்கிறது. அறுவடையின் முதல் கதிர் களத்துக்கு வந்துவிட்டது, மீதி இன்னும் வயலில் நிற்கிறது என்பது பொருள். ஆறு வசனம் தள்ளி, ‘பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்’ என்கிறார். இன்னும் முடியாத காரியம் அது. உயிர்ப்பு ஒரு நாளில் நடந்தது. வெற்றி அன்று தொடங்கி முடிவு நாள் வரை நீள்கிறது. இறையியலாரும் இதைத் தனித் தலைப்பாகவே பேசுகிறார்கள். சுவீடன் நாட்டு இறையியலாளர் குஸ்தாவ் ஔலன் 1930இல், சிலுவையைக் கடன் தீர்த்த கணக்காகப் பார்ப்பதற்கு முன்பே திருச்சபை அதைப் போராகவும் வெற்றியாகவும் பார்த்தது என்று வாதிட்டார். அந்தப் பார்வைக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும். இந்த மடல் அதற்காகத்தான்.

நம்மிடம் ஏற்கெனவே உள்ள சொற்களை முதலில் தேடினேன். ‘கூற்றம் குதித்தலும் கைகூடும்’ என்று 269ஆம் குறளிலேயே இருக்கிறதே, ‘கூற்றங்குதிப்பு’ என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் குதித்தல் என்பது கடந்துபோதல், தப்பித்தல். தவத்தின் ஆற்றலால் கூற்றுவனின் கைக்கு எட்டாமல் தாண்டிப்போகிறவரைப் பற்றியது அந்தக் குறள். இயேசு தாண்டவில்லை. அகப்பட்டார், செத்தார், புதைக்கப்பட்டார். திருக்கடையூர்க் கதையும் உதவாது. அங்கே மார்க்கண்டேயன் சாகவே இல்லை. காலனை உதைப்பதற்குச் சிவன் வருகிறார், பையன் பிழைக்கிறான். வள்ளலாரின் மரணமிலாப் பெருவாழ்வும் பெயரிலேயே மரணத்தை விலக்கிவிடுகிறது. இவை மூன்றிலும் சாவு அண்டாமல் தடுக்கப்படுகிறது. கிறிஸ்தவ நம்பிக்கையிலோ சாவு வந்து தன் வேலையை முழுவதும் செய்துவிட்டுத் தோற்கிறது. எபிரெயர் 2:14 இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: மரணத்துக்கு அதிகாரியான பிசாசை இயேசு ‘தமது மரணத்தினாலே’ அழித்தார். மரணம்தான் ஆயுதம். இந்த வேறுபாட்டை மறைக்கும் சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு ஆகாது.

என் முன்மொழிவு: உயிர்வாகை.

தோற்றவரை விட்டு, வென்றவரைச் சொல்லின் முன்னால் நிறுத்துகிறேன். ஈஸ்டர்ப் பெருநாள் வழிபாட்டிலேயே உயிர் போர்வீரனாகத்தான் வருகிறது. உயிர்த்த ஞாயிறு திருப்பலியில், நற்செய்திக்கு முன் பாடும் பழைய லத்தீன் தொடர்பாடலில் சாவும் உயிரும் எதிரெதிரே நின்று மோதுகின்றன. உயிரின் தலைவர் மாண்டுபோகிறார், மாண்டவரே உயிரோடு ஆள்கிறார். பிறகு வாகை. கொலோசெயர் 2:15இல் பவுல் ரோமத் தளபதியின் வெற்றி ஊர்வலத்தை மனத்தில் வைத்து எழுதுகிறார். தமிழ் வேதாகமத்தில் ‘சிலுவையிலே வெற்றிசிறந்தார்’ என்று இருக்கிறது. பகைவரை வென்றவர் பூச்சூடி வருவதைப் பாடத் தமிழில் ஒரு திணையே இருக்கும்போது வெளியே தேடுவானேன்?

‘உயிரை வென்ற வாகை’ என்றும் விரிக்கலாமே என்று இலக்கணம் அறிந்தவர்கள் மடக்குவார்கள். முடியாது. புறத்திணை இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலையின் வாகைப் படலத்தில் அரச வாகை, வாணிக வாகை, வேளாண் வாகை என்று துறைகள் வருகின்றன. அரச வாகை என்றால் அரசன் கொண்ட வாகை. முன்னால் நிற்பவர்தான் வாகைக்கு உரியவர் என்ற வழக்கு அங்கேயே உறுதியாகிவிட்டது.

இடையில் ஒரு செய்தி. எங்கள் பக்கத்து மலையாளிகள் பலர் ‘வாக’ என்று சொல்வது கோடையில் சிவக்கப் பூக்கும் குல்மொஹர் மரத்தை. சங்கப் பாட்டின் வாகை அதுவல்ல. அது வெளிறிய நூல்நூலான பூ. படம் சேர்க்கும் அன்பர் கவனிக்கவும்.

இதோடு சேர்ந்த இன்னொரு பதிவு: லாசரு எழுந்ததும் இயேசு எழுந்ததும் ஒன்றல்ல. இயேசு உயிரோடு எழுப்பிய லாசரு மறுபடியும் சாக வேண்டியவர். ரோமர் 6:9இன்படி கிறிஸ்து ‘இனி மரிப்பதில்லை’. முதல் வகைக்கு ‘உயிர்மீட்பு’ என்று வந்திருந்த பரிந்துரையை எடுத்துவிடலாம். கிறிஸ்தவத் தமிழில் மீட்பு என்றால் இரட்சிப்பு, குழப்பம் நிச்சயம். இயேசு அப்படியே எழுப்பிய யவீருவின் மகளைப் பற்றி லூக்கா 8:55இல் ‘அவள் உயிர் திரும்ப வந்தது’ என்று இருக்கிறது. ‘உயிர்திரும்பல்’ போதும். எழுவாய்த் தொடர், ஆகவே வல்லினம் மிகாது. அதற்காகத் தனி மடல் யாரும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

பாலக்காட்டிலும் ஆந்திரத்திலும் உள்ள இரண்டு சித்தூர்களில் நான் ஆந்திரத்துச் சித்தூர். இங்கே தெலுங்குச் சபைகளில் ‘புனருத்தானமு’ என்கிறார்கள். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் அதையே பாதி நேரம் சொல்கிறார்கள். இந்தப் பிள்ளைகளிடம் புறப்பொருள் வெண்பாமாலையைச் சொல்லி உயிர்வாகையை விளக்க என்னால் முடியாது. வாகை என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ‘சென்னை அணி வாகை சூடியது’ மட்டும்தான். அது கிரிக்கெட். நம்பிக்கைக்குரிய சொல்லில் விளையாட்டுப் பக்கத்தின் வாடை அடிக்கிறதே.

இன்னொன்று. கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயிடம் ‘வாகை’ என்று எப்படிச் சொல்வது?

*

அன்புள்ள சகோதரிக்கு,

கிரிக்கெட் செய்தி எனக்குச் சாதகம். பிள்ளைகளுக்குப் பொருள் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, நீங்கள் வெண்பாமாலையைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தத் தாயிடம் எந்தக் கலைச்சொல்லையும் சொல்லக் கூடாது என்றே நினைக்கிறேன். இது பாடநூலுக்கும் மறைக்கல்விக் கையேட்டுக்கும் ஆன சொல். ஆனாலும் உங்கள் மடலால் விளக்கத்தில் ஒரு வரி மாறியிருக்கிறது. பதிவின் முதல் வரைவில் வெற்றி முடிந்துவிட்டது போல எழுதியிருந்தேன். நான் காட்டிய கொரிந்தியர் அதிகாரத்தின் 26ஆம் வசனத்தின்படி அது முடியவில்லை. திருத்திய பதிவு:

உயிர்வாகை (பெயர்ச்சொல்): கிறிஸ்துவின் இறப்பாலும் உயிர்ப்பாலும் சாவு ஆற்றல் இழந்தது, இறுதி நாளில் முற்றிலும் ஒழியும் என்னும் கிறிஸ்தவ நம்பிக்கை. ஒப்பிடுக: உயிர்ப்பு, உயிர்திரும்பல்.

‘ஆற்றல் இழந்தது’ என்பதைவிட ‘கொடுக்கு இழந்தது’ நன்றாக இருக்குமோ என்று யோசிக்கிறேன். அதே அதிகாரத்தின் 55ஆம் வசனத்தில் சாவுக்கு உள்ளது பழைய மொழிபெயர்ப்பில் ‘கூர்’, திருவிவிலியத்தில் ‘கொடுக்கு’. குழுவினர் கருத்துச் சொல்லவும். ஞாயிறு இரவு பட்டியலை மூடுகிறேன்.