முதல் 50 மரபணுக்களின் ஹீட்மேப்பைக் கட்டுரையின் முதல் படமாக வைக்கலாமா?

எண்விரும்பி:
ஆர்என்ஏ-சீக் (ஒவ்வொரு மரபணுவும் எவ்வளவு செயல்படுகிறது என்று அளக்கும் முறை) கட்டுரைகளில் திரும்பத் திரும்ப ஒரே படம். இரு குழுக்களுக்கிடையே அதிகம் வேறுபடும் 50 மரபணுக்களை எடுத்து ஹீட்மேப் (வரிசைக்கு ஒரு மரபணு, நெடுவரிசைக்கு ஒரு மாதிரி, அளவை நிறமாகக் காட்டும் கட்டப் படம்) வரைகிறார்கள். "நோயுற்ற மாதிரிகள் ஒருபுறம், நலமானவை மறுபுறம் பிரிகின்றன, பாருங்கள்" என்கிறார்கள். பிரியாமல் என்ன செய்யும்? பிரிகிற மரபணுக்களைத்தானே பொறுக்கினோம்! நம்பாதவர்கள் செய்து பாருங்கள். 20,000 வரிசை, 6 நெடுவரிசை, எல்லாம் வெறும் தற்செயல் எண்கள். முதல் மூன்று ஒரு குழு, மற்ற மூன்று இன்னொரு குழு. இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை செய்து, மிகத் தெளிவாக வேறுபடுவதாகத் தோன்றும், அதாவது பி-மதிப்பு மிகக் குறைந்த 50 வரிசைகளை வரையுங்கள். அதே அழகான இரண்டு பாளங்கள் வரும். இது ஆதாரமே இல்லை.

தும்பி:
ஆதாரம் இல்லை என்பது சரி. அதற்காகப் படத்தையே ஒதுக்கச் சொல்லாதீர்கள். எங்கள் ஆய்வில் 24 மாதிரிகள். மரபணுப் பட்டியல் பார்க்க நன்றாகவே இருந்தது. ஹீட்மேப்பில்தான் உறைத்தது: ஆண் என்று பதிவான ஒரு மாதிரியில் பெண்களில் செயல்படும் எக்ஸிஸ்ட் மரபணு பளிச்சென்று எரிகிறது, ஒய் குரோமோசோமின் ஆர்பிஎஸ்4ஒய்1 மரபணு அணைந்து கிடக்கிறது. பெண் என்று பதிவான இன்னொன்றில் அப்படியே தலைகீழ். இரண்டு குழாய்கள் இடம் மாறியிருந்தன. சராசரியைக் காட்டும் பட்டை வரைபடத்தில் இது தெரிந்திருக்காது. ஹீட்மேப் ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியாகக் கண்முன் வைக்கிறது.

எண்விரும்பி:
நல்ல வேளை பிடித்தீர்கள். ஆனால் அது தரச்சோதனை, உங்களுக்காக வரைந்த படம். வாசகருக்குப் போகும் படத்தில் வரிசைவாரியாக இசட்-ஸ்கோர் போட்டுவிடுகிறார்கள், அதாவது ஒவ்வொரு மரபணுவையும் அதன் சொந்தச் சராசரியையும் பரவலையும் கொண்டு அளவுமாற்றுகிறார்கள். லாக்2 அளவில் (1 கூடினால் இரு மடங்கு) 8.0-இலிருந்து 8.1-க்குப் போன மரபணுவும், 4-இலிருந்து 9-க்குப் போன மரபணுவும் ஒரே சிவப்பு. முன்னது சுமார் 7% மாற்றம், பின்னது 32 மடங்கு! வாசகர் எப்படி அறிவார்?

கிளைமுனை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், ஒத்தவற்றை இணைத்து ஹீட்மேப்பின் ஓரத்தில் வரையும் கிளை மரத்தையும் பேச வேண்டும். ஆர் மொழியின் ஜிபிளாட்ஸ் தொகுப்பிலுள்ள ஹீட்மேப்.2 முதலில் மரம் கட்டிவிட்டு அப்புறம்தான் வரிசைகளை அளவுமாற்றும். பிஹீட்மேப் என்ற இன்னொரு தொகுப்பு அளவுமாற்றிவிட்டு மரம் கட்டும். ஒரே தரவு, இரண்டிலும் வரிசைவாரி அளவுமாற்றம், ஆனால் மரம் வேறாக வரலாம். நானே இதில் ஒரு வாரம் தொலைத்தேன். இன்னொன்று: மரத்தின் எந்த முனையையும் இடவலமாகத் திருப்பலாம். 20 மாதிரிகளுக்கு 19 முனைகள், அதாவது 5,24,288 அடுக்குகள், எல்லாமே அதே மரம்தான். பக்கத்தில் நிற்பதாலேயே இரு மாதிரிகள் ஒத்தவை என்று சொல்ல முடியாது.

தும்பி:
கிளைமுனை சொன்னது எனக்குப் புதிது, நன்றி. எண்விரும்பி, நீங்கள் சொன்ன குறைகளுக்கு வழி உண்டு. இசட்-ஸ்கோருக்குப் பக்கத்திலேயே சராசரி வெளிப்பாட்டையும் மடங்கு மாற்றத்தையும் தனிப் பட்டையாகச் சேர்க்கலாம், காம்ப்ளெக்ஸ்ஹீட்மேப் என்ற ஆர் தொகுப்பில் இது சில வரி வேலை. சிவப்பு-பச்சையை விட்டுவிட்டு நீலம்-சிவப்பு வைத்தால் நிறக்குறை உள்ளவர்களும் படிக்கலாம். மரபணுக்களையும் குழுவைப் பார்க்காமல், அதிகம் மாறுபடுபவை என்ற அடிப்படையில் தேர்ந்தெடுக்கலாம். 1998-இல் மைக்கேல் ஐசன் குழுவினர் ஈஸ்ட் தரவை அடுக்கியபோது, ஒத்த வேலை செய்யும் மரபணுக்கள் தாமாகவே பக்கம் பக்கமாக வந்து சேர்ந்தன. அந்தக் காட்சிக்கு எந்த அட்டவணையும் ஈடாகாது.

எண்விரும்பி:
குழுவைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, அப்போதும் பிரிந்தால் எனக்கு மறுப்பில்லை, முதல் படமாகவே வையுங்கள். குழுவைப் பார்த்துப் பொறுக்கிய 50 என்றால், அதே 50-ஐ வேறு நோயாளிகளின் தரவில் வரைந்து காட்ட வேண்டும்.

தும்பி:
எங்களிடம் இரண்டாவது தரவு இல்லையே. அப்போது?

எண்விரும்பி:
அப்போது துணைப் படமாகப் போடுங்கள். மரபணுக்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் படத்தின் கீழே முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.