கொனார்க் போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நான் கடலூர் முதுநகர். ஒடிசாவில் இருக்கிற கொனார்க் சூரியக் கோயிலின் கல் சக்கரத்தைக் காலை வெயிலில் படமெடுக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. போன மாதம் கிளம்பினேன். ரயில் பாதி நாள் தாமதம். பூரியிலிருந்து 35 கிலோமீட்டர்தான், ஆனால் பேருந்து நடுவழியில் பழுதாகி நின்றது. மேற்கூரை ஒழுகி கேமரா பைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது, படம் தேறவில்லை.

ஆனாலும் அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் நின்றேன். ஏறக்குறைய பத்தடி உயரம், ஆரங்கள் முழுக்கச் சிற்பம்! 13ஆம் நூற்றாண்டு வேலை. விட மனசே வரவில்லை.

கோயில் கிழக்குப் பார்த்தது. 24 சக்கரங்களும் வடக்கிலும் தெற்கிலுமாக இருக்கின்றன. மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கே உதிப்பதால், தெற்குப் பக்கத்துச் சக்கரங்களில் வெயில் சாய்வாக விழுந்து செதுக்கல் எடுப்பாகத் தெரியும். அந்த மாதங்களில் மறுபடி போகணும்.

லென்ஸுக்குள் பூஞ்சை படர ஆரம்பித்திருக்கிறது. கடலூரிலோ புதுச்சேரியிலோ பிரித்துச் சுத்தம் செய்யும் நம்பகமான ஆள் யாராவது உண்டா? விடியலுக்கு நடந்தே போகிற தூரத்தில், கொனார்க்கிலேயே தங்கியவர்கள் இடம் சொல்லுங்கள். முக்காலி வைக்கத் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்கியவர்கள் இருந்தால், எங்கே விண்ணப்பித்தீர்கள் என்றும் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.