முனியப்பன் கோயில் திருப்பணி, நம் குடும்பம்

ஞாயிற்றுக்கிழமை

சேவாப்பேட்டை பெரியப்பா, காலை 6.48
கார்த்தி, எழுந்ததும் எனக்குக் கூப்பிடு. நான் ஒரு லட்சம் கொடுத்ததாக மெயிலில் ரசீது வந்திருக்கிறது. நான் கொடுத்தது பத்தாயிரம்.

ஓமலூர் சித்தப்பா, 6.51
எனக்கும் ஒரு லட்சம்

செந்தில் அண்ணன், 6.52
எனக்கும்

ஓமலூர் சித்தப்பா, 6.53
தலைப்பில் வெறும் கேள்விக்குறிகள். திறந்தால் ஒரு லட்சம்

ஓமலூர் சித்தி, 6.58
பங்காளி வீட்டில் இப்போதே ஃபோன். சேவாப்பேட்டைக்காரர் ஒரு லட்சம் கொடுத்தாராமே, நீங்கள் எவ்வளவு என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?

சேவாப்பேட்டை பெரியப்பா, 6.59
பத்தாயிரம் என்று சொல். நான் எப்போது மறைத்தேன்?

வித்யா, 7.04
எனக்கு எதுவும் வரவில்லை அப்பா

கார்த்தி, 7.20
எல்லோரும் மன்னிக்க வேண்டும். தவறு என்னுடையதுதான். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவின் நோட்டில் இருந்த 186 வரிகளையும் எக்செல்லில் ஏற்றினேன். அதில் 112 பேருக்கு மெயில் முகவரி இருந்தது. ஒவ்வொருவருக்கும் ரசீது தானாகப் போக பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். பெரிய தொகை சரியாக அச்சாகிறதா என்று பார்ப்பதற்காக எல்லா வரியிலும் 1,00,000 போட்டேன். தொகையை மாற்றியவன் முகவரியை மாற்றவில்லை. இரவு 11.40க்கு ஓட்டினேன். நிறுத்துவதற்குள் 112 பேருக்கும் போய்விட்டது. நோட்டில் இருக்கும் கணக்கு அப்படியே இருக்கிறது, ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

ஓமலூர் சித்தப்பா, 7.22
நிரல் என்றால்?

செந்தில் அண்ணன், 7.22
ப்ரோகிராம்

ஓமலூர் சித்தி, 7.31
ஊரில் கூட்டியே பார்த்துவிட்டார்கள். 1 கோடியே 12 லட்சம் வசூலாம். ராஜகோபுரமே கட்டலாம், ஏன் இன்னும் தகரக் கூரை என்று கேட்கிறார்கள்

சேவாப்பேட்டை பெரியப்பா, 7.33
இதற்குத்தான் ரசீது புத்தகம் போதும் என்றேன். கார்பன் வைத்து எழுதினால் இப்படி ஆகுமா?

ஏற்காடு சித்தப்பா, 7.41
இங்கே நல்ல மழை. சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. ஒரு லட்சம் யார் கேட்டது? காப்பிக்கு உரம் போடவே கையில் இல்லை

கார்த்தி, 8.15
பெரியப்பா, புத்தகத்தில் எழுதுவதை எழுதுங்கள். ஆனால் தவறான மெயில் போனவர்களுக்குத் திருத்தம் இன்றே போக வேண்டும், இல்லையென்றால் ஊர்ப்பேச்சு நிற்காது. இந்த முறை முதலில் டம்மி மெயில் சர்வரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். மெயில்பிட் என்று ஓர் இலவச மென்பொருள். என் லேப்டாப்பிலேயே போட்டுவிட்டேன். நிரலில் சர்வர் பெயரை லோக்கல்ஹோஸ்ட், அதாவது இதே லேப்டாப், என்றும் போர்ட்டை, அதாவது உள்ளே நுழையும் வாசல் எண்ணை, 1025 என்றும் மாற்றினால் போதும்.

கார்த்தி, 8.19
மெயில் என்பது இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் நடக்கும் பேச்சு. 1982ல் ஜான் போஸ்டல் எழுதி வைத்த முறைதான் இன்றும் அடிப்படை. அனுப்புகிற பக்கம் முதலில் ஹெலோ சொல்லித் தான் யாரென்று சொல்லும். அப்புறம் யாரிடமிருந்து, யாருக்கு. அதன்பின் கடிதம். முடிந்தது என்று காட்டத் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. ஒவ்வொரு படிக்கும் அந்தப் பக்கம் ஓர் எண்ணைச் சொல்லிப் பதில் தரும். 250 என்றால் சரி, வாங்கிக்கொண்டேன் என்று பொருள். டம்மி சர்வரும் இதே மாதிரி 250 சொல்லும். நிரலைப் பொறுத்தவரை கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் டம்மி அதை வெளியே விடாது, தானே வைத்துக்கொள்ளும். பிரவுசரில் 8025 என்ற போர்ட்டைத் திறந்தால் 112 கடிதங்களையும் ஒரே இடத்தில் நானே படித்துப் பார்க்கலாம்.

ஏற்காடு சித்தப்பா, 8.26
தபால் பையை 20 கொண்டை ஊசி வளைவும் ஏற்றாமல் அடிவாரத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வது போல

கார்த்தி, 8.27
அதேதான் சித்தப்பா. மேலே ஏறப்போகும் பையை அடிவாரத்தில் பிரித்துப் பார்க்கிறோம்.

ஓமலூர் சித்தி, 8.30
மல்கோவா ஒரு பெட்டி வந்திருக்கிறது. சீசன் முடிகிறது. யாருக்கு வேண்டும்?

செந்தில் அண்ணன், 8.30
எனக்கு

குகை அத்தை, 8.40
கார்த்தி, எனக்கு வந்ததும் பொய்யா?

கார்த்தி, 8.41
தொகை மட்டும்தான் தவறு அத்தை. நீங்கள் கொடுத்தது 5,000. நோட்டில் இருக்கிறது.

குகை அத்தை, 8.44
நான் கொடுத்தது எனக்குத் தெரியாதா கண்ணு? தலைக்கட்டு என்று போட்டு அதன் எதிரில் என் பெயர் இருந்தது. உங்கள் மாமா பெயர் இல்லை, என் பெயர். அதைக் கேட்கிறேன்.

ஓமலூர் சித்தப்பா, 8.46
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சேவாப்பேட்டை பெரியப்பா, 8.52
கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தலைக்கட்டு வரி கிடையாது. நான் போட்ட சட்டம் இல்லை, தாத்தா காலத்திலிருந்து வருவது. நீ கொடுத்ததை உபயம் என்று கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதினேன்.

கார்த்தி, 8.53
நான் கடைசிப் பக்கத்தையும் சேர்த்துத்தான் ஏற்றினேன் பெரியப்பா. கடிதம் எல்லோருக்கும் ஒரே அச்சு. அதனால் அத்தைக்கும் தலைக்கட்டு என்றே போய்விட்டது.

குகை அத்தை, 9.02
போன கும்பாபிஷேகத்துக்கு இரண்டு வளையலை அடகு வைத்து மணி வாங்கித் தந்தேன் அண்ணா. மணியில் உபயம் என்று வெட்டியிருக்கிறது. யார் உபயம் என்று இல்லை. 12 வருடமாக அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வெறும் வெண்கலம்தான்.

வித்யா, 9.03
அத்தை

வித்யா, 9.05
எனக்கு இது தெரியவே தெரியாது

ஓமலூர் சித்தி, 9.09
பெட்டியில் 24 காய். செந்திலுக்கு எத்தனை?

செந்தில் அண்ணன், 9.10
சித்தி, கொஞ்சம் பொறுங்கள்

கார்த்தி, பகல் 12.35
டம்மியில் ஓட்டிவிட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்று, சித்தப்பா சொன்ன கேள்விக்குறிகள். மெயிலின் தலைப்பு வரி ஆங்கில எழுத்துகளுக்காக ஏற்பட்டது. தமிழை அதற்கான முறையில் மாற்றிக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். நான் கட்டவில்லை, இப்போது சரியாகிவிட்டது. அப்புறம், நான்கு பேருக்கு "திரு." என்று மட்டும் வந்து பெயர் விடுபட்டிருந்தது. எக்செல்லில் பெயரை அடுத்த கட்டத்தில் தட்டியிருக்கிறேன். நேற்றே இதைப் படித்துப் பார்த்திருந்தால் ஒருவருக்கும் தவறாகப் போயிருக்காது.

ஓமலூர் சித்தப்பா, 12.37
அப்படியானால் எல்லாம் சரி. அனுப்பிவிடு

வித்யா, 12.44
கார்த்தி, பொறு. டம்மி எந்த முகவரியைக் கொடுத்தாலும் 250 சொல்லும். முகவரி தவறாக இருந்தால் 550 என்று திருப்பி அனுப்புவது உண்மையான சர்வர்தான். ஸ்பேமில் விழுமா என்பதும் டம்மியில் தெரியாது. முதலில் உன் மெயிலுக்கும் என் மெயிலுக்கும் மட்டும் உண்மையாக அனுப்பிப் பார். சோதனைக்கு இனிமேல் யார் முகவரியையும் வைக்காதே. எக்ஸாம்பிள் டாட் காம் என்ற பெயரை இதற்காகவே 1999ல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அதைப் போடு.

கார்த்தி, 12.47
சரி அக்கா. நிரல் எப்போதும் 1025க்குத்தான் போகும்படி மாற்றிவிட்டேன். "உண்மை" என்று நானே கையால் தட்டினால்தான் இனி வெளியே போகும். பைத்தானோடு முன்பு வந்த எஸ்எம்டிபிடி என்ற டம்மி சர்வரை வைத்தே செய்யலாம் என்றுதான் முதலில் தேடினேன், கிடைக்கவில்லை.

வித்யா, 12.49
பைத்தான் 3.12 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். நீ போட்டிருப்பதே நல்லது, கடிதத்தைக் கண்ணால் பார்க்கலாம்

சேவாப்பேட்டை பெரியப்பா, 12.58
என்ன பேசுகிறீர்கள் என்று புரியவில்லை. என் ரசீதில் பத்தாயிரம் என்று வருமா?

கார்த்தி, 12.58
வரும் பெரியப்பா. டம்மியில் பார்த்துவிட்டேன்.

கார்த்தி, 1.06
ஒரே ஒரு கேள்வி மட்டும் பாக்கி. அத்தையின் கடிதத்தில் தலைக்கட்டு என்று வைக்கவா, உபயம் என்று மாற்றவா? யாராவது சொன்னால்தான் முடிக்க முடியும்.

செந்தில் அண்ணன், 1.07
தலைக்கட்டு

வித்யா, 1.07
தலைக்கட்டு. அடுத்த வருடம் எனக்கும் ஒரு வரி போடுங்கள், நானும் கட்டுகிறேன்

ஓமலூர் சித்தப்பா, 1.15
பங்காளிகளைக் கேட்காமல் முடியாது. கல்வெட்டு வரைக்கும் போகும் விஷயம்

ஓமலூர் சித்தி, 1.16
கேட்டால் என்ன, கேளுங்கள். நானும் ஒரு வீட்டில் பிறந்தவள்தான்

சேவாப்பேட்டை பெரியப்பா, 1.40
மதியம் தூங்கி எழுந்து சொல்கிறேன்.

கார்த்தி, மாலை 5.20
எனக்கும் வித்யா அக்காவுக்கும் வந்த மெயில் சரியாக இருந்தது, ஸ்பேமுக்கும் போகவில்லை. 111 பேருக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். இரண்டு முகவரி தவறு என்று 550 வந்தது, அவர்களுக்குக் கையால் எழுதிய ரசீது கொடுத்துவிடலாம். அத்தையின் கடிதம் மட்டும் இன்னும் டம்மி சர்வரிலேயே இருக்கிறது. நீங்கள் முடிவு சொல்லும்வரை அழிக்க மாட்டேன்.

குகை அத்தை, 5.31
நேற்று வந்ததை நானும் அழிக்கவில்லை. தொகை தவறாகவே இருக்கட்டும். பேரன் அதைப் பிரிண்ட் எடுத்துத் தருகிறேன் என்கிறான்.

சேவாப்பேட்டை பெரியப்பா, 6.12
செந்தில், சனிக்கிழமை பெயின்ட்காரரைப் பார்க்கக் கோயிலுக்குப் போகிறாய் அல்லவா? மணியில் உபயம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எத்தனை எழுத்துக்கு இடம் இருக்கிறது என்று பார்த்து வா.

ஓமலூர் சித்தப்பா, 6.14
அண்ணா, பங்காளிகள்?

சேவாப்பேட்டை பெரியப்பா, 6.15
முதலில் பார்த்து வரட்டும்.

ஏற்காடு சித்தப்பா, 6.50
இப்போதுதான் சிக்னல் வந்தது. மல்கோவா எனக்கும் ஆறு காய் எடுத்து வையுங்கள். மழை விட்டதும் கீழே இறங்குகிறேன்