வாட்ஸ்அப் குழு: அப்பத்தா வீடு

மேலவீட்டுப் பெரியப்பா (காலை 6.12): அனைவருக்கும் வணக்கம். பாதியில் ஓடிவிடாமல் படிக்கவும். கார்த்திகையில் அம்மாவின் முதல் திதிக்கு அறுபது பேர் வருவார்கள்; காவிரிக் குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாளாகிறது, லாரித் தண்ணீரோ குடம் 10 ரூபாய். நம் ராமநாதபுரம் மாவட்டத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் விழுகிறது. அதை விட்டுவிட்டால் அடுத்த ஆண்டுதான். நம் மொட்டைமாடி 1,000 சதுர அடி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் என்பது கணக்கு. ஆகவே 100 மில்லிமீட்டர் பெய்தால், முதல் மழையில் மாடியைக் கழுவி வெளியே விட்டது போக, 7,000 லிட்டராவது தேறும். எல்லோரும் பங்கு போட்டு 5,000 லிட்டர் தொட்டி வைத்து, அதை நிரப்பி, வெளிச்சம் படாமல் மூடி, குழாய் வாயில் கொசுவலை கட்டி வைத்தால், குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் வீதம் எனக்கும் உங்கள் பெரியம்மாவுக்கும் 250 நாள் வரும்.

துபாய் அண்ணன்: படித்துவிட்டேன், பெரியப்பா. என் பங்கு எவ்வளவு?

சென்னைத் தங்கை: ஓகே.

பெரியப்பா: கலப்புத் தமிழுக்கு அபராதம் 10 ரூபாய். தொட்டிக் கணக்கில் வரவு வைக்கிறேன்.

சாயல்குடி மாமா: 2003இல் அரசு கட்டாயமாக்கியபோது தோண்டிய மழைநீர்க் குழி என்ன ஆயிற்று, மச்சான்?

பெரியம்மா: அதில் கோழி அடைகாக்கிறது.

கீழவீட்டுச் சித்தப்பா: கிணறு இருக்கும் வீட்டுக்குத் தொட்டி எதற்கு, அண்ணே?

பெரியப்பா: கிணறு இருக்கிறது, குடிக்கத்தான் முடியவில்லை. கடற்கரை மணலுக்கு அடியில் மழைநீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அம்மா பனையோலைப் பட்டையால் இறைத்த காலம்வரை அது கலையவில்லை. 80 அடிக்குக் குழாய் இறக்கி, விடிய விடிய மோட்டார் ஓட்டி, உவரை மேலே ஏற்றியவர் யார் என்று நான் எழுத விரும்பவில்லை.

சித்தப்பா: வரப்புப் பனைகளைச் சூளைக்கு விற்றவர் யார் என்று நானும் எழுத விரும்பவில்லை.

பெரியப்பா: அதற்காகத்தான் ஆவணியில் 200 கொட்டை புதைத்திருக்கிறேன். தையில் 150ஐக் கிழங்காகப் பிடுங்குவோம். மீதியை வரப்பில் மரமாக விடுவோம்.

மாமா: சென்ற ஆண்டுக் கத்தரித் தோட்டத்தில் மூன்று காய் கண்டோம், இரண்டை ஆடு கண்டது.

துபாய் அண்ணன்: மாமா, முண்டு வற்றல் இரண்டு கிலோ கிடைக்குமா?

மாமா: 2023இல் நம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எனக்கு மருமகன்கள் கூடிவிட்டார்கள். அரைக் கிலோ தருகிறேன்.

அத்தை: இவ்வளவு கணக்குப் போட்ட அண்ணன் மாடியில் ஏறிப் பார்த்தாரா? அங்கே என் நெத்திலி காய்கிறது. கடல் பொங்கி வள்ளம் இறங்காத நாட்களில் நான்கு வீட்டுக்கும் அந்தக் கருவாட்டில்தான் குழம்பு. கடையை நம்பாமல் வாழ்வது எப்படி என்று எனக்கே பாடம் நடத்துகிறார்.

பெரியப்பா: நேற்றே ஏறினேன். மேற்கு மூலையில், தண்ணீர் வடியும் வாயருகில், உப்பும் செதிலும் சேர்ந்து நகத்தால் சுரண்டும்படி படிந்திருக்கின்றன. தேங்காய் நாரால் மூன்று முறை தேய்த்தும் வாடை போகவில்லை. அந்தத் தண்ணீரில் உலை வைத்தால் சோற்றுக்கு உப்புத் தேவைப்படாது.

அத்தை: கீழே காயவைத்தால் மணலும் நாயும்.

துபாய் அண்ணன்: கொல்லையில் இடுப்பளவு உயரத்துக்குப் பரண் கட்டி, பழைய வலையைப் போர்த்தினால் போதாதா?

அத்தை: துபாயிலிருந்து கம்பு வெட்டி அனுப்புகிறாயா?

பெரியப்பா: சீமைக் கருவேலங்கம்பு வெட்ட ஆள் பார்க்கிறேன்.

பெரியப்பா (மாலை 3.40): கிழக்கே கருக்கிறது. நான் ராமநாதபுரத்தில் குழாய்க் கடையில் நிற்கிறேன். மாடியில் கருவாடு கிடக்கிறது.

அத்தை: நான் திருப்புல்லாணியில் இருக்கிறேன். யாராவது ஏறுங்கள்.

சித்தப்பா (3.58): சாக்கோடு என் திண்ணையில் இருக்கிறது. ஒரு படி கருவாடு குறைந்திருந்தால் அது ஏறி இறங்கிய கூலி.

அத்தை: நல்லது, தம்பி. அந்த மோட்டாரையும் நிறுத்தினால் என்ன?

சித்தப்பா: திதி முடியட்டும், பேசுவோம்.

பெரியப்பா: குழாய் மூன்று அங்குலமா, நான்கு அங்குலமா? கடைக்காரர் காத்திருக்கிறார். துபாய்ப் பங்கு வந்துவிட்டது, சென்னைப் பங்கு வரவில்லை.

சென்னைத் தங்கை: ஓகே, பெரியப்பா.

பெரியப்பா: 20 ரூபாய் ஆகிறது.