எட்டாம் மாதத்தில் குட்டி வீசிவிட்டது, அடுத்து என்ன செய்வது?

லாயக்காரர்:
வணக்கம். எங்கள் பெண் குதிரைக்கு 17 வயது. நேற்று இரவு குறைமாதத்தில் குட்டி வீசிவிட்டது, எட்டாம் மாதம். போன பருவத்தில் 15ஆம் நாள் ஸ்கேனில் கரு தெரிந்தது, 40ஆம் நாள் பார்த்தால் இல்லை. இந்த முறை அந்தக் கட்டத்தைத் தாண்டியதும் இனி பயமில்லை என்றிருந்தோம். கொஞ்ச நாளாக மடி பெருத்துப் பால் கசிந்துகொண்டிருந்தது. நஞ்சு (நஞ்சுக்கொடி) விழுந்துவிட்டது. லாயத்தில் இன்னும் இரண்டு சினைக் குதிரைகள் இருக்கின்றன. எதனால் இப்படி? அடுத்த முறை ஆரம்பத்திலிருந்தே சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் கொடுத்தால் சினை நிற்குமா? ரொம்ப வேதனையாக இருக்கிறது.

பழைய வளர்ப்பாளர்:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. காரணத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் அவளைத் தனியாகக் கட்டுங்கள். குதிரை ஹெர்பிஸ் வைரஸ் 1 பெரும்பாலும் கடைசி மாதங்களில்தான் எந்த அறிகுறியும் காட்டாமல் குட்டியைத் தள்ளிவிடும். வீசிய குட்டி, நஞ்சு, அந்த நீர் எல்லாவற்றிலும் வைரஸ் இருக்கும். கையுறை போட்டுக் குட்டியையும் நஞ்சையும் ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், உறைய விடாதீர்கள். நஞ்சு முழுதாக வந்ததா? ஒரு நுனி கிழிந்து உள்ளே தங்கினாலும் கருப்பையில் சீழ் பிடித்து, குளம்பு அழற்சி வரை போய்விடும். காய்ச்சல் பாருங்கள், குளம்பு சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

கால்நடை மருத்துவர்:
இரண்டு இழப்பையும் ஒன்றாக முடிச்சுப் போட வேண்டாம். 40 நாளுக்குள் போவது வயதான குதிரைகளில் அதிகம். கருமுட்டையின் தரம் குறைந்திருக்கும், கருப்பைச் சுவரில் தழும்போ அழற்சியோ இருக்கும். எட்டாம் மாதத்தில் மடி முன்கூட்டியே இறங்கினால் என் சந்தேகம் நஞ்சு அழற்சி மேல்தான் போகும். இரட்டைக் கருவிலும் இப்படிப் பால் கசியும். நஞ்சை விரித்துப் பார்த்தீர்களா?

லாயக்காரர்:
பார்த்தோம் ஐயா. கருப்பையின் இரண்டு கொம்பிலும் (கிளையிலும்) இருந்த நஞ்சின் நுனிகள் முழுதாக இருக்கின்றன. ஒரே குட்டிதான், தொப்புள் கொடி முறுக்கிக்கொள்ளவில்லை. கருப்பை வாய்ப் பக்கம் மட்டும் தடித்து, பழுப்பாக, பிசுபிசுவென்று இருக்கிறது. அவளுக்குக் காய்ச்சல் இல்லை.

கால்நடை மருத்துவர்:
நீங்கள் சொல்வது, கருப்பை வாய் வழியாகக் கிருமி ஏறிய நஞ்சு அழற்சியோடு பொருந்துகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ.கோலை போன்றவை இந்த வழியாகத்தான் வரும். ஆய்வக முடிவு வரும்வரை ஹெர்பிஸையும் ஒதுக்க வேண்டாம். பெண்ணுறுப்பு சாய்ந்து, சாணமும் காற்றும் உள்ளே போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியானால் மேல்பகுதியைத் தைத்து மூடும் காஸ்லிக் அறுவை உதவும்.

புரோஜெஸ்டிரோனைக் கண்ணை மூடிக்கொண்டு தொடங்காதீர்கள். கருப்பையில் கிருமி இருக்கும்போது கொடுத்தால் வாய் இறுக மூடி, கழிவு வெளியேறாமல் நின்றுவிடும். முதலில் கிருமி வளர்ப்பு, செல் பரிசோதனை, கருப்பைத் திசு ஆய்வு. இந்த வயதில் திசு ஆய்வைத் தவிர்க்கவே கூடாது. அதில் தழும்பு அதிகம் என்று வந்தால் அவளை இன்னொரு சினைக்கு விடுவது நியாயமில்லை என்பது என் கருத்து. மறுபடி சினையானால், பிற்பாதி மாதங்களில் மலக்குடல் வழி ஸ்கேனில் கருப்பையும் நஞ்சும் சேர்ந்த தடிமனை அளந்துகொண்டே வர வேண்டும். 270 நாள் வரை 7 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உடனே ஆன்டிபயாடிக், அழற்சி மருந்து, கூடவே ஆல்ட்ரெனோஜெஸ்ட் என்னும் செயற்கை புரோஜெஸ்டிரோன். அந்த மருந்தை வெறுங்கையால் தொடக் கூடாது, முக்கியமாகக் கர்ப்பிணிகள்.

புதியவர்:
குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் குதிரைக்கு 50ஆம் நாள் கலைந்தது. அதன்பின் பருவத்துக்கே வரவில்லையே?

கால்நடை மருத்துவர்:
35 நாளுக்கு மேல் கருப்பைச் சுவரில் எண்டோமெட்ரியல் கப் என்னும் திசு உருவாகிவிடும். கரு போனாலும் அது ஏறக்குறைய நான்காம் மாதம் வரை ஹார்மோன் சுரக்கும், அதனால் சரியாகப் பருவத்துக்கு வராது. 25 முதல் 30 நாளுக்குள் ஒரு ஸ்கேன் கட்டாயம் பாருங்கள். அப்போதே தெரிந்தால் அதே இனப்பெருக்கப் பருவத்தில் மறுபடி சினைக்கு விடலாம்.

லாயக்காரர்:
மிக்க நன்றி ஐயா. மாதிரிகளை அனுப்பிவிட்டோம். மற்ற இரண்டுக்கும் தடுப்பூசி?

கால்நடை மருத்துவர்:
ஹெர்பிஸுக்குச் சினையின் 5, 7, 9ஆம் மாதங்களில் போடுவார்கள். அவை எந்த மாதத்தில் இருக்கின்றன என்று சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். முடிவு வரும்வரை எந்தக் குதிரையையும் வெளியே அனுப்பவோ புதிதாக உள்ளே கொண்டுவரவோ வேண்டாம்.