303 கூடு இரண்டாகப் போனது: போல்ட் தலையை மாற்றலாமா?

ஸ்காபரோவாசி:
1943இல் இங்கே ரொறன்ரோவின் லோங் பிராஞ்சில் செய்த நம்பர் 4 லீ-என்ஃபீல்டு துப்பாக்கி ஒன்றை உரிமத்தோடு வாங்கினேன். 303 தோட்டாக்கள், சுட்ட பித்தளைக் கூடுகளில் நானே மறுபடி நிரப்பியவை. மூன்றாம் சுற்றில் ஒரு கூட்டின் அடி மட்டும் வெளியே வந்தது, மேல்பாதி தோட்டா அமரும் அறையான சேம்பருக்குள் நின்றுவிட்டது. மற்றக் கூடுகளில் விளிம்புக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே பளபளவென்று ஒரு வளையம். கூட்டின் அடியைத் தாங்கும் போல்ட் தலையில் அதன் நீள எண் 1 என்று இருக்கிறது. 2 மாட்டினால் தீருமா?

பனிநரி:
நேரே 3 மாட்டுங்கள். வேலை முடிந்தது.

பழைய இரும்பு:
தம்பி, அளக்காமல் எதையும் மாட்டாதீர்கள். 303 விளிம்புள்ள தோட்டா. அதன் ஹெட்ஸ்பேஸ் போல்ட் முகத்துக்கும் விளிம்பு அமரும் இடத்துக்கும் இடையிலான தூரம். கூடு கழுத்தை நோக்கிச் சரியும் இடமான தோளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சேம்பரில் வைத்துப் பார்க்கும் 0.064 அங்குல அளவுகோலில் போல்ட் மூட வேண்டும், 0.074இல் மூடக் கூடாது. விரல் நுனியால் தள்ளுங்கள், முழங்கைப் பலம் வேண்டாம்.

என் சந்தேகம் உங்கள் டை மீது, அதாவது சுட்ட கூட்டை மறுபடி அளவாக்கும் அச்சின் மீது. சேறு படிந்த தோட்டாவும் உள்ளே போகட்டும் என்று இந்தத் துப்பாக்கிகளின் சேம்பரைத் தாராளமாகக் குடைந்தார்கள். சுடும்போது தோள் முன்னே போகிறது, முழு நீள டை அதைப் பின்னே தள்ளுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அடிப்பக்கப் பித்தளை இழுபட்டு மெலிகிறது. காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியை மடித்துக் கூராக்கி, கூட்டின் உட்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூடு குப்பைக்கு.

உள்ளே நிற்கும் பாதியை உடைந்த கூடு எடுக்கும் கருவியால் எடுங்கள். அதன் மேல் அடுத்த தோட்டாவைத் திணிக்காதீர்கள்.

ஸ்காபரோவாசி:
அண்ணா, அளவுகோலை இரவல் வாங்கிப் பார்த்தேன். 0.064இல் மூடியது, 0.074இல் கைப்பிடி பாதியிலேயே நின்றது. இருபது கூடுகளில் பதின்மூன்றில் கிளிப் தட்டியது. ஒன்றை நெடுக அறுத்தேன்: வளையம் இருந்த இடத்தில் சுவர் தகரத் தாள்போல, நகத்தால் அழுத்தினால் வளைகிறது. இதையா கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுட்டேன்!

பழைய இரும்பு:
இனிக் கழுத்தை மட்டும் அளவாக்குங்கள். அப்படி அளவாக்கிய கூடுகளை வேறு துப்பாக்கியில் போடாதீர்கள். உங்கள் சேம்பருக்குத்தான் அவை பொருந்தும்.

ஸ்காபரோவாசி:
பதின்மூன்றையும் குறட்டால் நசுக்கிவிட்டேன். 1 அப்படியே இருக்கிறது. பனிநரி, உங்கள் துப்பாக்கியை எப்போதாவது அளந்தீர்களா?

பனிநரி:
அளவுகோல் என்ன விலை?